விலாசம் வாசிப்பவர்

பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது என்ற செய்தியைப் படித்துவிட்டு, சாதாரணக் கடிதத்துக்கும் இனி இதே கதிதானோ என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, தபால் இலாகாவில் உத்தியோகம் பார்க்கும் நண்பரொருவர், "இரங்கற்பா பாடுவதற்கு முன்னால் ஆளை ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்களேன்" என்று கேலி செய்து, உரிய அனுமதியும் வாங்கி, திருச்சிராப்பள்ளி ரயில் சந்திப்பை ஒட்டிய ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை) அலுவலகத்துக்கு ஒரு மாலை என்னை அழைத்துச் சென்றார்.

தபாலை ரயிலில் வைத்தே பிரிக்கும் வழக்கம் 1863-இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கிற்று என்பது சரித்திரம். எந்தப் பையை எந்த வண்டிக்கு எத்தனை மணிக்குக் கட்டவேண்டும் என்ற கணக்கை ஓர் அதிகாரி வெகு சிரத்தையோடு விளக்கினார்; எனக்கு அது விளங்கவில்லை, விளங்கியிருந்தாலும் வாசகர்களுக்கு ருசித்திராது. என் கவனமெல்லாம் சுவரோரம் நின்ற மரச் சட்டத்தின் மீதும், அதன்முன் முக்காலியில் அமர்ந்திருந்த, ஓய்வுபெறும் தறுவாயிலிருந்த ஒருவர் மீதுமே இருந்தது.

வரிசை வரிசையாகச் சதுர அறைகள் கொண்டது அந்தச் சட்டம். ஒவ்வோர் அறையின் கீழும் ஊர்ப்பெயர் எழுதிய காகிதத் துண்டு, விரல்பட்டு ஓரம் கறுத்துப்போயிருந்தது. பெரியவருடைய இடக்கையில் ஒரு கட்டுக் கடிதம். கட்டைவிரல் மேலுள்ளதைச் சற்றே தள்ளிக்கொடுக்க, வலக்கை அதை வாங்கி, கண் அறையைத் தேடுவதற்கு முன்பே அங்கே செருகிவிட்டது. கணினி அச்சு ஒட்டிய வங்கிக் கடிதங்கள் முகம் தெரியாமல் ஓடின. பேனாவால் எழுதிய விலாசம் வந்தபோது மட்டும் அந்தக் கட்டைவிரல் ஒரு கணம் தயங்கியதைக் கண்டேன்.

"பின்கோடு இருந்தால் குழந்தைகூடப் பிரிக்கும், ஸார். இல்லாதபோதுதான் எங்களுக்கு வேலை" என்றார். தபால் தந்தித் துறையில் உயர்பதவி வகித்தவரும் சமஸ்கிருதக் கவிஞருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த ஆறிலக்க முறை 1972 ஆகஸ்ட் 15-இல் அமலுக்கு வந்துவிட்டதென்றாலும், கையால் எழுதுகிறவர்கள் பலர் இன்னும் அதை மதிப்பதில்லை. வெறுமே 'திருப்பத்தூர்' என்றிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். 630-இல் தொடங்குவது சிவகங்கைச் சீமையிலுள்ளது, 635-இல் தொடங்குவது பழைய வடஆர்க்காட்டுத் திருப்பத்தூர் என்று விளக்கியவர், எண்ணே இல்லாவிட்டால் பெயரைப் பார்ப்பாராம். பெயருக்கு முன்னால் மூன்று நான்கு தலைப்பெழுத்துகள் அணிவகுத்து நின்றால், அது செட்டிநாட்டுப் பக்கம் போகவேண்டியது என்று துணிந்துவிடுவாராம். இந்த வித்தையை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சேர்ந்த புதிதில் பக்கத்து முக்காலியில் இருந்த மூத்தவரிடம் திட்டு வாங்கிக் கற்றது.

முனையில் மஞ்சள் தடவிய உறை கல்யாணப் பத்திரிகை. கறுப்புக் கரையிட்டது கருமாதிப் பத்திரிகை, அதை முதலில் அனுப்பிவிடவேண்டும் என்பது அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட நியமம். தை பிறக்குமுன் சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகள், கரும்பும் லக்ஷ்மியும் சினிமா நடிகர்களுமாக, சாக்குச் சாக்காக வந்து இறங்கிய காலத்தில், வீட்டில் பொங்கப்பானை வைக்கும் நேரத்துக்குக்கூடப் போக முடிந்ததில்லை என்றார். அந்தச் சிரமத்தை அவர் சொன்ன தோரணையில் பெருமைதான் அதிகம் தெரிந்தது.

50 பைசாவுக்கு விற்கும் தபால் கார்டு ஒன்றுக்கு 12 ரூபாய்க்கு மேல் செலவாகிறதென்று இலாகாவின் 2016-17ஆம் ஆண்டறிக்கை கணக்குக் காட்டியிருந்தது. இதை நஷ்டம் என்று சொல்லுகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. ஊருக்குக் குடிதண்ணீர் கொடுப்பதை யாரும் லாப நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லையே! என் கோபமெல்லாம் வேறிடத்தில்: கடைவீதியில் நூறு ரூபாய்க்கும் மேல் விற்கும் வாழ்த்து மடல்களை விரித்துப் பாருங்கள், அன்பு, ஏக்கம், மன்னிப்பு எல்லாவற்றையும் வியாபாரியே அச்சடித்து முடித்துவிடுகிறான், வாங்குகிறவன் கையெழுத்துப் போடுவதற்கு ஓரத்தில் ஓரங்குல இடம் விட்டால் உண்டு. எழுத வேண்டிய நாலு வரியையும் பிடுங்கிக்கொண்டு, அதற்கு விலையும் வாங்குகிற இந்தச் சாமர்த்தியத்தைவிட, அரை ரூபாய்க்கு, நாம் எழுதுவதற்கென்று இடம் விட்டு ஒரு கார்டைக் கொடுக்கும் சர்க்கார் எவ்வளவோ உயர்ந்தது.

நாங்கள் விடைபெறும் தருணத்தில் மழையில் நனைந்த ஓர் இன்லேண்ட் கடிதம் அவர் கையில் அகப்பட்டது. ஊர்ப்பெயரின் முன்பாதி மை கரைந்துபோய், 'பழுவூர்' மாத்திரம் எஞ்சியிருந்தது, கீழப்பழுவூரா, மேலப்பழுவூரா? இப்படித் தீராத கடிதங்கள் கடைசியில் திரும்பிய கடித அலுவலகத்துக்குப் போகும். அனுப்பியவரைக் கண்டுபிடிக்க அங்கே உறையைப் பிரிப்பார்கள். "அதுவரைக்கும் விடமாட்டோம்" என்று கடிதத்தைப் பக்கத்து இருக்கைக்கு நீட்டினார்; அங்கிருந்தவர் விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அரியலூர்ப் பக்கத்துப் பெண்ணொருவர் எழுந்து வந்து, ஊரை விட்டுவிட்டு அதற்கு மேல்வரியைப் படித்தார்: 'ஆலந்துறையார் கோயிலுக்குப் பின்புறம்'.

"சாமி கீழப்பழுவூரில்தானே அண்ணே இருக்கிறார்" என்று சொல்லி, கடிதத்தை அரியலூர்ப் பக்கத்து அறையில் அவரே செருகினார்.

"பின்கோடு போட்டுத் தொலைத்திருந்தால் இத்தனை பேர் மினக்கெட வேண்டாம்" என்று முணுமுணுத்தபடி பெரியவர் அடுத்த கட்டின் சணலை அவிழ்த்தார்.