நடுமேட்டுக்குள் என்ன ஓடுகிறது?

பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு வருகிற சின்ன பென்ஸ், சின்ன பி.எம்.டபிள்யூ செடான்களை லிஃப்டில் ஏற்றியதும் வண்டிக்காரரையும் அடியில் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வேன். பின்சீட்டில் நடுவில் உட்காருகிறவரின் காலை இடிக்கிற மேடு இருக்கிறதே, அதற்குள் டார்ச் அடித்துக் காட்டுவேன். அம்பாசடர் காலத்து ஆட்கள் அங்கே நீளமாக ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடும் என்று எதிர்பார்ப்பார்கள். புகைக்குழாய் மட்டும்தான் போகும்.

"அப்போ பின்னால ஒண்ணும் சுத்தலியா அண்ணாச்சி?"

"சுத்தும். சும்மா சுத்தும். இழுக்கது பூரா முன்னாலதான்."

"அப்போ நம்ம மாருதி மாதிரியா?"

இந்தக் கேள்வியில் கொஞ்சம் வருத்தமும் இருக்கும். நாற்பது லட்சத்தை ஒட்டிப் பணம் கொடுத்தவர் அல்லவா. ஆமாம், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 மாதிரிதான். எஞ்சின் குறுக்கே கிடக்கும், பக்கத்திலேயே கியர்பாக்ஸ், அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு ஷாஃப்ட். இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் 1959இல் மினி காரில் போட்டுக் காட்டிய குறுக்கு எஞ்சின் ஏற்பாடு இது. மேடு எதற்கு என்றால், வெளிநாட்டில் இதே உடம்பில் நாலு சக்கர டிரைவும் விற்கிறார்கள். அந்த ஷாஃப்டுக்கு வழி வேண்டும். நம் ஊர்க்காரர் அந்தக் காலி வழிக்காகக் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சின்ன செடானில் மூன்று பெரிய ஜெர்மன் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்துசேர்ந்தன. இந்தியாவுக்கு ஆடி ஏ3 செடான் 2014 ஆகஸ்டில் வந்தது. 2015 ஜனவரியில் மெர்சிடிஸ் சி.எல்.ஏ., 2020 அக்டோபரில் பி.எம்.டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூப்பே, 2021 மார்ச்சில் ஏ-கிளாஸ் லிமோசின். கிரான் கூப்பே நம்மூர்ச் சரக்கு என்றே சொல்லலாம். செங்கல்பட்டுப் பக்கம் 2007 முதல் ஓடும் ஆலையில் பூட்டி அனுப்பினார்கள். ஆடிக்கு இதில் கௌரவப் பிரச்சினை இல்லை, அந்தக் குடும்பத்து டி.கே.டபிள்யூ 1931லேயே முன்சக்கர வண்டி விற்றது. மெர்சிடிஸ் தன் கார்களில் 1997 ஏ-கிளாஸில்தான் தொடங்கியது. கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தது பி.எம்.டபிள்யூ. முன்னச்சிலும் பின்னச்சிலும் எடை சரிபாதி என்று சொல்லியே பேர் வாங்கிய கம்பெனி 2014இல் 2 சீரிஸ் ஆக்டிவ் டூரரில் இறங்கிவந்தது. அதற்குச் சில வருஷம் முன்பே, தலைவராக இருந்த நோர்பர்ட் ராய்ட்ஹோஃபர் ஒரு கணக்கைச் சொல்லி அடிபோட்டார்: 1 சீரிஸ் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் தங்கள் வண்டி முன்சக்கர வண்டி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அன்றைக்கு 1 சீரிஸ் முழுக்கப் பின்சக்கரம்! வாங்குகிறவருக்கே தெரியாத ஒன்றுக்கு ஏன் செலவழிப்பது என்று கம்பெனி நினைத்ததில் தப்பில்லை. மினியும் அவர்கள் கையில்தான் இருந்தது; அதே அடித்தளத்தில் இரண்டையும் செய்தால் செலவு மிச்சம், எடை மிச்சம், உள்ளே இடமும் கூடுதல்.

செலவு மிச்சம் என்றதும் மட்டம் என்று ஆகிவிடாது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரில் வடம் பிடிக்கிறவர்கள் வேறு, முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்கள் வேறு. முன்சக்கர வண்டியில் இந்த இரண்டு வேலையும் ஒரே டயர் தலையில் விழுகிறது. போதாததற்கு, பிரேக் அழுத்தினால் பாரமும் அதன்மேல்தான் வந்து சாயும். எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது பங்கு ஏற்கெனவே முன்னால் இருக்கிறது. மாருதியில் இது தெரியாது, சக்தி கொஞ்சம். கிரான் கூப்பே 220டி-யில் 190 குதிரைசக்தி, 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அவ்வளவும் திரும்புகிற சக்கரத்துக்கே போனால், ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு ஷாஃப்டும் நீளத்தில் வித்தியாசப்பட்டால் இந்த இழுப்பு கூடும். அதனால் நீளம் வருகிற பக்கத்தில் எஞ்சின் பிளாக்கோடு பிடித்து ஒரு இடைத்தண்டு வைத்து, இரண்டையும் சமப்படுத்துகிறார்கள். சக்கரம் வழுக்குவதைக் கண்டுபிடித்து அடக்கும் வேலையைப் பிரேக் கம்ப்யூட்டரிடம் விடாமல் எஞ்சின் கம்ப்யூட்டரிலேயே வைத்தது பி.எம்.டபிள்யூ, சேதி சுற்றிப் போகாததால் வேகம். பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். வாங்கினவர் கொடுத்த காசு போன இடங்கள் இவை.

அடியில் நிற்கிற எனக்கு இதைவிட முக்கியம், உள்ளங்கையளவு ரப்பர் ஒன்று. ஷாஃப்டின் வெளிமுனையில் சி.வி. ஜாயின்ட் இருக்கும்: ஆறு குண்டு, அவற்றைப் பிடிக்க ஒரு கூண்டு. ஆல்ஃபிரட் ரெசெப்பா 1920களில் கண்டுபிடித்த அமைப்பு, இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. சக்கரம் எவ்வளவு திரும்பினாலும் ஒரே சீராகச் சுழற்றுவது அதுதான். அதற்குமேல் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட், உள்ளே கறுப்பு கிரீஸ். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மண் உள்ளே வரும். பிறகு முழு லாக்கில் திருப்பும்போது 'கடக் கடக்' என்று சத்தம் கேட்டால், வேலை பூட்டோடு நிற்காது.

சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்து ரோடுகளில் அறுவடை முடிந்ததும் காணக்கொடியும் உளுந்தஞ்செடியும் பரப்பிப்போடுவார்கள். போகிற வண்டிகள் மிதித்து மணி உதிர்க்கும். பஸ் ஏறிப்போனால் ஒன்றுமில்லை. தரையோடு தாழ்ந்த செடானில் கொடி ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். அப்படி ஒரு சி.எல்.ஏ. வந்தது. "ஏதோ உரசுத மாதிரி இருக்கு அண்ணாச்சி, சக்கரத்துக்கிட்ட" என்றார். வீலைக் கழற்றினால், கயிறு திரித்த மாதிரி காணக்கொடி ஷாஃப்டை இறுக்கிச் சுற்றியிருந்தது. பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தெடுத்தோம். பூட்டின் இரண்டாம் மடிப்பில் நகம் நுழைகிற கிழிசல். அலாய் வீலின் உள்பக்கம் முழுக்கக் கிரீஸ் நட்சத்திரமாகத் தெறித்திருந்தது. குண்டுகளைக் கழுவி விரலால் உருட்டிப் பார்த்தேன். எங்கும் சொரசொரப்பு இல்லை. பூட்டும் கிளாம்பும் கிரீஸும் மாற்றியதோடு போயிற்று. கொடி சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் குடித்த வண்டிகளிலும் பார்த்தேன், கம்ப்யூட்டர் பெட்டி போயிருந்தது, சீட் போயிருந்தது, பூட் கிழியாத ஜாயின்ட் அப்படியே இருந்தது.

ஓட்டத்தில் இழந்தது உண்டா என்றால், உண்டு. பாபநாசத்திலிருந்து காரையார் பக்கம் ஏறும் ரோட்டில் மழைநாளில் தெரியும். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்வதால் இழுக்கிற முன்சக்கரம் லேசாகிவிடும். ஈரச் சருகுமேல் வளைவில் மிதித்தால் ஒரு கணம் வெறுமனே சுழலும், மூக்கு வெளிப்பக்கம் நகரும். பழைய 3 சீரிஸ் அந்த வளைவைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். அந்தச் சுகம் எனக்குப் பிடிக்கும், ஒளிப்பதற்கில்லை. ஆனால் வளைவு ரோட்டுக்கு எத்தனை பேர் போகிறார்கள்? பெரும்பாலும் நாற்கரச் சாலையில் நாகர்கோவில் போய்வருகிற வண்டிகள். ஆடி மாதம் பணகுடி தாண்டி முப்பந்தல் காற்றில் அடிவாங்கும்போது, எடை முன்னால் இருக்கிற வண்டி பக்கவாட்டில் குறைவாகத்தான் அலையும். அங்கே முன்சக்கர வண்டிதான் நிம்மதி.

டயர் விஷயத்தில்தான் தினமும் வாக்குவாதம். முன்டயர் சீக்கிரம் தேயும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குகிறவர், "முன்னாலதானே தேயுது, அங்கனயே போடுங்க" என்பார். நான் புதுசைப் பின்னால் போட்டு, பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவருவேன். மழையில் முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்ததும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், சாதாரண டிரைவரால் மீட்க முடியாது. டயர் கம்பெனிகளும் இதைத்தான் சொல்கின்றன. கேட்காதவருக்கு நாலையும் மாற்றச் சொல்லிவிடுவேன்.

இதற்குள் காற்று திரும்பிவிட்டது. சி.எல்.ஏ. 2025இல் மின்சார வண்டியாக வந்தபோது, ஒற்றை மோட்டார் பின்னச்சில் உட்கார்ந்துகொண்டது. மோட்டார் சிறியது, நீளமான ஷாஃப்ட் வேண்டாம், முன்னிருந்து பின்னுக்கு ஒயர் போனால் போதும்; பின்சக்கரத்துக்கான பழைய செலவு போய்விட்டதே. ஆனால் தாமிரபரணி கடலில் சேருகிற பக்கம், தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் திறந்த ஆலையில் பூட்டுகிற வி.எஃப். 6 முன்சக்கர வண்டிதான். இரண்டு வகையிலும் சி.வி. ஜாயின்ட்டும் பூட்டும் உண்டு. பின்சக்கர வகையில் வெளி ஜாயின்ட் ஸ்டீயரிங்கோடு திரும்பாது, அவ்வளவு வளைய வேண்டியதில்லை. பூட் கூடுதல் நாள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். மின்சார வண்டியில் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு ஒயரைத் தொடப் பயிற்சி வேண்டும், பையன்களில் ஒருவனை அனுப்பியிருக்கிறேன். அவன் திரும்பும்வரை அந்த வண்டிகளுக்கு ஷாஃப்ட், பிரேக், டயர் வேலை மட்டும் எடுக்கிறோம்.