பேர் தெரியாத பட்டாளத்துக்காரர்

பட்டாசு பார்க்கத்தான் சிவகாசி போனேன். ஆனால் என்னை நிறுத்தியது, ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் லட்சுமி காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிய படம்தான். தீட்டிய திரைக்கு முன்னால் மிடுக்காக ஒரு பட்டாளத்துக்காரர்!

"யார் பாட்டி இவர்?"

"மாமனாருக்கு அண்ணன்னு சொல்லுவாக. பேரு தெரியலையே, தாயி!"

பாட்டி வீட்டுக் கதை மட்டுமல்ல இது. பாரிஸில் டிஸ்டேரி என்பவர் 1854-ல் ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். படம் மலிவாயிற்று. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும், சிப்பாய்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வீட்டுக்கொரு படம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றைத் தேடிச் சேர்த்த ஒரு குடும்பம், 2010-ல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்துக்கு ஏறத்தாழ எழுநூறு படங்களைக் கொடுத்தது. பெரும்பாலானவர்களுக்குப் பெயரில்லை! நம் பக்கத்திலும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுத்திருக்கிறது.

சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது படத்தின் முதுகைத்தான். நாங்களும் சட்டத்தைக் கழற்றினோம். ஸ்டூடியோ முத்திரை மட்டும் இருந்தது.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்து மாட்டியிருந்த தம் கணவர் படத்தையும் கழற்றச் சொன்னார். பேத்தி பென்சில் தேட ஓடினாள்.