தம்பியின் பீப்பாய்

பீர் தயாரிக்க நான் கற்றுக்கொண்டது நாற்பத்தாறாவது வயதில். அதுவும் சொந்த ஊரில் அல்ல. அங்கே அந்த வித்தையைப் பழகினால் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும். நான் சேலம் ஜில்லாக்காரன். ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது எங்கள் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் முதல் தேதி. அப்போது தாத்தா பன்னிரண்டு வயதுப் பையன். பிறகு அது மாகாணம் பூராவும் பரவி, 1971-ல் நீங்கி, 1974-ல் திரும்பி வந்து, இன்றைக்குச் சர்க்காரே கடை வைத்து விற்கும் நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனாலும் அந்த 1937-ஆம் வருஷத்துச் சட்டம் அமலில்தான் இருக்கிறது. கடையில் வாங்கிக் குடிக்கலாம். வீட்டில் செய்யக் கூடாது.

அமெரிக்காவில் ஆரகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் தம்பி இருக்கிறான். அம்மாவை அவனிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு இரண்டரை மாசம் தங்கியிருந்தேன். அவன் வீட்டுக் கராஜில் கார் நிற்பதில்லை. அண்டா, குழாய், தெர்மாமீட்டர், பழைய குளிர்ப்பெட்டி ஒன்று, உருளை உருளையாய் எவர்சில்வர் பாத்திரங்கள்.

"பீர் காய்ச்சறேன் அண்ணா" என்றான்.

காய்ச்சுவது என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் ஓர் அர்த்தம்தான் உண்டு. அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இவன் பால் காய்ச்சுகிற மாதிரி சொன்னான்.

அந்த ஊரில் அது சட்டப்படி சரி. ஆனால் ஆதியிலிருந்து அப்படி இல்லை. 1920 முதல் 1933 வரை அந்தத் தேசத்திலும் மதுவிலக்கு இருந்தது. அது போன பிறகு வீட்டில் திராட்சை ரசம் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு, 1979 பிப்ரவரியில்தான் அது வந்தது. வயது வந்த இரண்டு பேர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான். 200 காலன் என்றால் 750 லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மயக்கமே வந்தது.

தம்பி பெரிய ஆசான் ஒன்றும் அல்ல. அதற்கு முன் மூன்று தடவை செய்து பாட்டில்களில் அடைத்திருக்கிறான். பீப்பாயில் அடைப்பது அதுதான் முதல் தடவை. ஆகவே நாங்கள் இருவருமே மாணாக்கர்கள்.

முதலில் தெரிந்துகொண்ட விஷயம், இந்த வித்தையில் முக்கால் பங்கு பாத்திரம் கழுவுவது என்பது. கழுவி, கிருமி கொல்லும் அமிலக் கரைசலில் மறுபடி அலச வேண்டும். கரண்டி, குழாய், மூடி, கை, எல்லாம். நம்மூர்க் கள்ளுக்கு இந்த உபசாரம் தேவையில்லை. பானையிலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட்டே அதற்குப் போதும். விடிகாலையில் இறக்கினால் மத்தியானத்துக்குள் பொங்கிவிடும். பீர் அப்படி வந்தவனையெல்லாம் உள்ளே விடாது. நாம் விடுகிற ஈஸ்ட்டைத் தவிர வேறு எது புகுந்தாலும் புளித்துக் கெட்டுப்போகும்.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்தின பார்லி. குழந்தைகளுக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைப்பார்களே, அதே காரியம்தான். நாலரைக் கிலோ மால்ட்டை உடைத்து, சூடு போகாத பெட்டி ஒன்றில் வெந்நீரோடு கலந்து, 67 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தோம். முளைத் தானியத்தில் இருக்கிற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சூடு 80-ஐத் தொட்டால் அவை செத்துப்போகும். மிகவும் ஆறிவிட்டால் வேலை செய்யாது. வடித்த கஷாயத்தை நான் வாயில் விட்டுப் பார்த்தேன். முதலில் கஞ்சி போல இருந்தது, ஒரு மணி கழித்துத் தேன் போல இனித்தது. நான் கதை எழுதுகிறவன். இப்படிக் கண் முன்னால் ஒன்று இன்னொன்றாக மாறுவதை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

பிறகு அந்தக் கஷாயத்தை ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். தொடக்கத்தில் போடுகிற ஹாப்ஸ் கசப்பைத் தரும். கடைசியில் போடுகிறது வாசனையைத் தரும். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. அந்த ஊர்ப் பள்ளத்தாக்கிலேயே விளைகிறது. நாங்கள் போட்டது 1972-ல் அதே மாநிலத்தில் வெளியான கேஸ்கேட் என்கிற ரகம். நாரத்தைத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசனை அதற்கு. கொதித்ததைச் செம்புச் சுருள் குழாயால் மளமளவென்று ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி மூடி வைத்தோம். பால் சொசைட்டியில் பாலுக்குள் மிதக்கவிடுகிற கண்ணாடிக் குழாய் மாதிரி ஒன்றை மிதக்கவிட்டுப் பார்த்தான் தம்பி. 1.050 காட்டியது. அது 1.010-க்கு இறங்கினால் முடிந்தது என்று அர்த்தம். நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயச் சத்து இருக்கும்.

எனக்கு இதில் இவ்வளவு சிரத்தை வந்ததற்குக் காரணம் பீர் அல்ல. என் தாய்மாமன்.

எனக்குப் பதின்மூன்று வயது. மாமா எங்கேயோ காட்டோரத்தில் குடித்துவிட்டு வந்து படுத்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு, வாசலில் வெயில் கொளுத்துகிறது, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் விளக்கை அணைச்சீங்க?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டார். அம்மா அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்வது நின்றுபோயிற்று. குடித்துச் செத்தவன் என்ற பேச்சுக்கு அம்மா பயந்தாள். கூடப்பிறந்தவனுக்காக அழக்கூட அவளுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தம்பிக்கு அப்போது ஐந்து வயது; அவனுக்கு ஞாபகம் இல்லை. மாமா வயிற்றுக்குள் போனது எப்படி உண்டாகிறது என்று பார்க்கத்தான் நான் அந்த அண்டாவின் பக்கத்தில் நின்றேன்.

அம்மாவிடம் நாங்கள் மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஈஸ்ட்டே சொல்லிவிட்டது. இரண்டாம் நாள் ராத்திரி வாயு வெளியேறுகிற சத்தம், குளுக் குளுக்கென்று, மாடி வரைக்கும் கேட்டிருக்கிறது. சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"மாவு பொங்கின வாசனையா இருக்கு. என்னடா இது?"

தம்பி சொன்னான். அவள் வெகு நேரம் அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதைக் குடிச்சா கண்ணு போகுமா, சாமி?"

தம்பிக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. இரசாயனப் பாடம் மாதிரி பதில் சொன்னான். கண்ணைக் கெடுப்பது மெத்தனால் என்கிற வேறொரு திரவம். உடம்புக்குள் போய் அது அமிலமாகிக் கண் நரம்பைத் தின்றுவிடும். பார்லியைப் புளிக்கவைத்தால் அது அந்த அளவுக்கு வரவே வராது. "பெயின்ட்டு, வார்னிஷுக்குப் போற சாமான்மா அது. மலிவா கெடைக்குதுன்னு கள்ளச்சாராயத்துல வெளியிலேர்ந்து கொண்டாந்து ஊத்துறானுக."

"ஊத்துறானுகளா? தானா வர்றதில்லையா?"

"இல்லம்மா. மனுசன் ஊத்துறதுதான்."

அம்மா அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ எந்தம்பிக்கு வெசம் வெச்சிருக்கானுக" என்றாள். முப்பத்து மூன்று வருஷம் கழித்து மாமாவைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. தம்பி என் முகத்தைப் பார்த்தான். விடிய விடிய நான் அவனுக்கு மாமாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவும் சொன்னாள், மாமா புல்லாங்குழல் வாசிப்பார் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

இரண்டு வாரத்தில் கொதிப்பு அடங்கியது. பீப்பாயில் அடைக்கும் காண்டம் ஆரம்பமாயிற்று. பீப்பாய் என்றால் நீங்கள் நினைக்கிற மரப்பீப்பாய் அல்ல. 19 லிட்டர் பிடிக்கிற நெட்டையான எவர்சில்வர் உருளை. குளிர்பானக் கம்பெனிகள் ஒரு காலத்தில் சர்க்கரைப் பாகு அனுப்ப வைத்திருந்தவை. அவர்கள் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை என்று மாறினதும் இவை மலிவாக வெளியே வந்தன. தலையில் இரண்டு முளைகள். ஒன்றின் வழியாக வாயு உள்ளே போகிறது. இன்னொன்றிலிருந்து அடிமட்டம் வரைக்கும் ஒரு குழாய் இறங்குகிறது, அதன் வழியாகப் பீர் மேலே ஏறி வருகிறது. குளிர்ப்பெட்டியில் வைத்து, சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தில் கரியமில வாயுவைப் பத்து நாள் ஊட்ட வேண்டும். குளிர்ந்த திரவந்தான் வாயுவை நன்றாக இழுக்கும். நம்மூர்க் கோலி சோடாவின் தத்துவந்தான்.

மறுநாள் காலை பார்த்தால் சிலிண்டர் காலி. ராத்திரி முழுக்க வாயு எங்கேயோ ஒழுகிப் போயிருக்கிறது. தம்பி சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வந்து, மூட்டு மூட்டாகக் காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் அகப்படவில்லை.

அம்மா ஒரு கிண்ணத்தில் சோப்பை நுரை வரக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "அடுப்பு கேஸுக்கு வந்து பாப்பாங்களே, அந்த மாதிரி பாருங்கடா." பழந்துணியால் தானே ஒவ்வொரு மூட்டிலும் தடவினாள். மூடியின் ரப்பர் வளையத்துக்குப் பக்கத்தில் நுரை சின்னச் சின்னக் குமிழாகக் கிளம்பிற்று. வளையத்தை மாற்றினோம்.

பதினோராம் நாள் குழாயைத் திறந்தால் முதல் கிளாஸ் பூராவும் நுரை. குழாய் குட்டையாக இருந்தால் பீர் வேகமாகப் பாய்ந்து நுரைத்துவிடுமாம். பத்தடிக் குழாய் மாட்டினதும் ஒழுங்காக வந்தது. நல்ல பொன் நிறம், கொஞ்சம் கலங்கல். கசப்பு முதலில் நாக்கின் அடியில் நின்று, பிறகு மெல்லக் கரைந்தது. நான் அரைக் கிளாஸோடு நிறுத்திக்கொண்டேன். மாமாவின் ஞாபகத்தோடு அதற்கு மேல் இறங்கவில்லை. தம்பிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

அடுத்த வீட்டுக் கிழவருக்குக் கொடுக்கலாம் என்று இரண்டு லிட்டர்க் குடுவை ஒன்றில் பிடித்தான். அம்மா தடுத்தாள். "சும்மா குடுக்காதே. அதுல என்னென்ன போட்டிருக்குன்னு எழுதி ஒட்டிக் குடு" என்றாள். அவன் எழுதி ஒட்டினான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. குடுவையை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், செய்த தேதி, தம்பியின் பெயர் என்று படித்தேன்.

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா" என்றான் தம்பி.