கீழே இருக்கும் எண்

95. நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி ஆராவது கதைச்சால் எனக்கு முதல் ஞாபகம் வாறது இந்த எண்தான். 2032 ஆம் ஆண்டுக்குள் அரச கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 வீதத்துக்குக் கீழே வரவேண்டும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏறக்குறைய 300 கோடி டொலருக்குச் செய்த ஏற்பாட்டின் முக்கிய இலக்கு அது. நான் அரசறிவியல் படிக்கிறவன், கணக்கெல்லாம் ஓஎல்லோட முடிஞ்சுது. ஆனாலும் இது ஒரு பின்னம் எண்டு விளங்குது. மேலே கடன். கீழே, ஒரு வருசத்தில் நாடு முழுக்க உற்பத்தியாகிறதின் பெறுமதி.

மேலே இருக்கிறதைக் கண்மூடித்தனமாக வெட்டப் போனால் கீழே இருக்கிறதும் சேர்ந்து சுருங்கும். சிக்கல் இதுதான். அதுக்காக "முதல் வளருவம், கடனைப் பிறகு பாப்பம்" எண்டு சொல்லுற ஆக்களோடையும் எனக்கு ஒத்துவரேல்ல. 2019 கடைசியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைச்சது வளர்ச்சி வரும் எண்டு சொல்லித்தானே? அரசாங்கத்தின் வருமானம்தான் விழுந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது எண்டு அறிவிச்சதுக்கு அது மட்டும் காரணமில்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். பெற்றோல் வரிசையில் நிண்ட எங்களுக்கு இதை ஒருத்தரும் புதுசாச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆக, கடன் குறையத்தான் வேணும். ஆற்ற கையால எண்டதுதான் என்ர கேள்வி.

எங்கட சின்னம்மா ஊரில சின்னச் சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிறா. வற்றுக்குப் பதிவு செய்யவேண்டிய அளவு வியாபாரம் அங்க இல்லை. ஆனால் 2024 ஜனவரியில் வற் 18 வீதமானபோது, அதுவரை விலக்கு இருந்த சமையல் காஸும் அதுக்குள்ள வந்திட்டுது. பதிவு செய்த பெரிய நிறுவனம் தான் வாங்கின பொருளுக்குக் கட்டின வற்றைக் கழிச்சுக்கொள்ளலாம். சின்னம்மாவால ஏலாது. விலையைக் கூட்டினால் ஆக்கள் வராயினம். முதல் ரோல்ஸ் சின்னனாச்சு, பிறகு உதவிக்கு நிண்ட அக்காவை நிப்பாட்டினா. அந்த அக்காவின்ர சம்பளமும் பின்னத்தின் கீழ் எண்ணில் ஒரு துளிதான்.

அதே திட்டத்தில், வீடு காணி வச்சிருக்கிறவையின் கணிக்கப்பட்ட வாடகை வருமானத்துக்கும் 2025 இலிருந்து வரி வரும் எண்டிருந்தது. அது வரேல்ல. காஸுக்கான வற்றை ஒருத்தரும் ஒத்திவைக்கேல்ல.

புள்ளிவிபரம் மோசமில்லை, அதையும் சொல்லவேணும். 2022 இல் 7 வீதத்துக்கு மேலும் 2023 இல் 2.3 வீதமும் சுருங்கின பொருளாதாரம் 2024 இல் 5 வீதம் வளர்ந்தது. விலைகள் ஏறுற வேகம் நிண்டுது. ஏறின விலை ஏறினபடிதான்.

2025 இலிருந்து வட்டிச் செலவு நீங்கலாக, அரச வருமானம் செலவை விட மொத்த உற்பத்தியில் 2.3 வீதத்தால் கூடுதலாக இருக்கவேணும். இதுக்கு எதை வெட்டினால் சத்தம் வராது? போடாத றோட்டு ஊர்வலம் போகாது. நிரப்பாத வெற்றிடமும் அப்படித்தான். 2022 முடிவில் 60 வயதைத் தாண்டின அரச ஊழியர்கள் ஒரேயடியாக ஓய்வு பெற்றபோது அந்தக் கதிரைகள் எல்லாம் திரும்ப நிரம்பேல்ல. கலைப்பீடத்தில் இருக்கிற நாங்கள் அந்தக் கதிரைகளை நம்பித்தான் படிக்கிறம் எண்டு வெளியில சொல்லக் கூச்சம். எங்கட பட்ச்சில பாதிப்பேர் இப்ப பின்னேரத்தில ரியூசன் குடுக்கினம், மிச்சப்பேர் பாஸ்போட் எடுத்திட்டினம்.