லாரிக்கு மெக்கானிக், நிலத்துக்கு யார்?

நாமக்கல்லில் பழைய லாரி வாங்கப் போகிறவர் தனியாகப் போக மாட்டார். கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்பார். சேஸிஸில் எங்காவது வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பார். ஆர்.சி.யில் உள்ள நம்பரும் இன்ஜினில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்ப்பார். இதற்குக் கூலி உண்டு, சாப்பாடு உண்டு. "இந்த வண்டி வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டாலும் கூலி உண்டு. யாரும் முகம் சுளிப்பதில்லை.

அதே ஊரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் பத்து லட்ச ரூபாய்க்கு நிலம் பார்க்கக் கிளம்பினார். கூட யாரையும் கூட்டிப் போகவில்லை! (மச்சான் போனார். ஆனால் மச்சானைக் கணக்கில் சேர்க்க முடியாது.)

சீட்டு எடுத்த பணமும் சேமிப்பும் சேர்ந்த பத்து லட்சம் அது. மகள் பத்தாவது படிக்கிறாள். அவள் கல்லூரிக்குப் போகும்போது நிலத்தை விற்றுக் கட்டலாம் என்பது திட்டம். புதுச்சத்திரம் பக்கம், சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, நாற்பது சென்ட் மேட்டுக்காடு. சென்ட் 25,000 ரூபாய்.

"ஏனுங்க, ரெண்டே வருசம். சைட் போட்டு வித்தீங்கன்னா டபுளுங்க" என்றார் புரோக்கர்.

பட்டறைக்காரர் கணக்கில் கெட்டிக்காரர். அன்று ராத்திரியே நோட்டை எடுத்து எழுதினார். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், 70,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 20,000. (2017ல் இது 4 சதவீதமாக ஏறியது. 2023ல் வழிகாட்டி மதிப்பைக் கூட்டியபோது 2 ஆகக் குறைத்தார்கள்.) புரோக்கருக்கு 2 சதவீதம், 20,000. பத்திரம் எழுதுகிறவருக்குச் சில ஆயிரம். ஆக, நிலம் 11 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். அதே பத்து லட்சம் வங்கியில் 7 சதவீதத்துக்குக் கிடந்தால், இந்தச் செலவு ஒன்றரை வருட வட்டிக்கு மேல்! நிலம் வாங்குகிறவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அவர் போட்டார், போட்ட பிறகும் வாங்கத்தான் நினைத்தார். அதில் தப்பில்லை.

ஆனால் வக்கீலுக்கு என்று ஒரு வரி அந்த நோட்டில் இல்லை. பேப்பர் பார்த்து எழுத்தில் கருத்து தர ஒரு வக்கீல் 7,500 ரூபாய் கேட்டார். "பேப்பர் படிக்க ஏழாயிரத்து ஐநூறா? ஈ.சி.யை நெட்டுலயே காசில்லாம பாத்துக்கலாமே" என்றார் இவர்.

வீட்டுக்கார அம்மா ஒன்றுதான் கேட்டார். "ஏனுங்க, ஒரு லாரின்னா இப்படித்தான் வாங்குவீங்களா?"

இந்த இடத்தில் யார் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். புரோக்கருக்கு வியாபாரம் முடிந்தால்தான் காசு, நின்றுபோனால் ஒன்றுமில்லை. பத்திர எழுத்தர் சொன்னதைச் சட்டப்படி எழுதித் தருகிறவர். சொன்னது உண்மையா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை இல்லை. அரசாங்கத்துக்கு 90,000 கட்டுகிறோமே, சார்பதிவாளர் பார்க்க மாட்டாரா என்றால், அதுவும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவு அலுவலரின் வேலை அல்ல. அவர் பதிவதெல்லாம் பத்திரத்தைத்தான், உரிமையை அல்ல.

வில்லங்கச் சான்றிதழை வீட்டிலிருந்தே பார்க்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் பதிவான சொத்துப் பரிமாற்றம்தான் அதில் வரும். உயில் அதில் வராது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. நிலுவையில் இருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. விற்பவருக்கு எத்தனை அக்கா தங்கை என்பதும் வராது.

கடைசியில் அம்மா வாயை அடைக்கத்தான் வக்கீலிடம் போனார். 7,500 பேசி 6,500க்கு முடித்தார். (பட்டறைப் புத்தி!)

வக்கீல் முதலில் கேட்டது சைட் விஷயம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவு போட்டது. அதே வருடம் அக்டோபரில் சட்டமும் வந்தது. ஆகவே காட்டை வாங்கிக் கல் நட்டு, துண்டு துண்டாக விற்கிற பழைய காலம் போய்விட்டது. அங்கீகாரம் வாங்க ரோடு விட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். நாற்பது சென்ட்டில் ரோடு போக என்ன மிஞ்சும்? புரோக்கர் சொன்ன 'டபுள்' அங்கேயே பாதியாகிவிட்டது.

அடுத்தது தடம். பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தட பாத்தியம்' என்று இருந்தது. எந்த சர்வே எண் வழியாக, எத்தனை அடி அகலம் என்று இல்லை. சர்வேயரை வைத்து அளந்ததில் (அவருக்கு 3,000) நிலம் முப்பத்தெட்டரை சென்ட்தான் இருந்தது. ஒன்றரை சென்ட் குறைவு என்றால் 37,500 ரூபாய். இரண்டு பேர் கூலியையும் சேர்த்தாலே 9,500தான் ஆகிறது! தடமோ பக்கத்துக் காட்டுக்காரர் பட்டாவுக்குள் போகிறது. அவர் முள் வெட்டிப் போட்டால் வண்டி போகாது. இந்தச் சீமையை 1790களிலேயே கர்னல் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் காடு காடாக அளக்க வைத்தார்கள். இருந்தும் இன்றுவரை ஒரு வண்டித்தடம் யாருடையது என்பதில் அடிதடி நடக்கிறது.

பெரிய விஷயம் கடைசியில்தான் வந்தது. பட்டா அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் நாலு பேர். அப்பாவும் அம்மாவும் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார்கள். சங்ககிரியில் ஒரு மகள், பவானியில் ஒரு மகள். இருவரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

"அவங்களுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சுங்களே" என்றார் விற்பவர்.

நகைக் கணக்கு சட்டத்தில் இல்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம் என்றால் 1956ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படியே மகள்களுக்குச் சம பங்கு. பாட்டன் சொத்து என்றால், தமிழ்நாட்டில் 1989லேயே அப்போது கல்யாணமாகாத பெண்களுக்குப் பங்கு வந்துவிட்டது. 2005ல் எல்லா மகள்களுக்கும் வந்தது. அந்த வருடம் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நாலு பங்கில் இரண்டு பங்கை விற்க உரிமை இல்லாதவர்கள் விற்கிறார்கள். பத்து லட்சத்தில் ஐந்து லட்சம், அதாவது மகளின் படிப்பில் பாதி.

பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் பரமத்தியில் ஒரு தங்கை இருக்கிறாள். அப்பா காலத்துக் காட்டை இவரும் அண்ணனும் பிரித்துக்கொண்டபோது அவளைக் கூப்பிடவில்லை. அவளுக்கும் நகை போட்டுத்தான் கட்டிக் கொடுத்தார்கள்.

"அவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா வாங்கிக்கறனுங்க" என்று சொல்லி அனுப்பினார். சகோதரிகளைக் கேட்டால் பங்கு கேட்பார்கள் என்று விற்பவர்கள் மறுத்துவிட்டார்கள். பத்து நாளில் புரோக்கர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். பத்திரமும் பதிவாகிவிட்டது. வாங்கியவர் வேலிக்கல் நட்டிருக்கிறார், பஸ்ஸில் போகும்போது தெரிகிறது. சகோதரிகள் இன்னும் வழக்குப் போடவில்லை. போடாமலே இருந்துவிடலாம், பத்து வருடம் கழித்து அவர்கள் பிள்ளைகள் போடவும் செய்யலாம்.

"சும்மா பத்தாயிரத்தத் தொலைச்சுட்டு வந்துட்டீங்க மாமா, அவன் பாருங்க வாங்கிட்டான்" என்று மச்சான் இன்றும் சொல்கிறார். பட்டறைக்காரர் இப்போது ராசிபுரம் பக்கம் ஒரு காடு பார்த்து வைத்திருக்கிறார். முன்பணம் கொடுக்கவில்லை. வாரிசுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். நோட்டில் வக்கீல் 6,500, சர்வேயர் 3,000 என்று முதல் இரண்டு வரியில் எழுதியிருக்கிறார். பரமத்திக்கு இன்னும் போகவில்லை.