நெல் விளையும் வீட்டில் அரிசிக் கணக்கு

எங்கள் ஊர் தருமபுரம். மயிலாடுதுறையில் ஆதீனம் இருக்கிற தருமபுரம் இல்லை. காரைக்கால் பக்கத்தில் யாழ்மூரிநாதர் கோயில் இருக்கிற ஊர்.

எங்களுக்கு வயல் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். காவிரியின் கடைமடை என்பதால் சம்பா ஒரு போகம்தான். தை மாதம் அறுத்ததும் அப்பா ஈர நெல்லையே விற்றுவிடுவார். அறுப்பு மெஷின் வாடகை, உரக்கடைப் பாக்கி, நகைக்கடன் எல்லாம் வாசலில் காத்திருக்கும். தாத்தா காலத்துப் பத்தாயத்தில் இப்போது பழைய துணிதான் கிடக்கிறது. ஆடி, ஆவணியில் நாங்களும் கடையில்தான் அரிசி வாங்குகிறோம்!

அந்த மாதங்களில் கைகொடுக்க வேண்டியது ரேஷன். புதுச்சேரி மாநிலத்தில் 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட ஆரம்பித்தார்கள். காரைக்காலுக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டில் 2011-லிருந்தே இலவச அரிசி. "அரிசி வந்தா உலைக்குப் போகும், பணம் வந்தா வட்டிக்குப் போகும்" என்பார் அம்மா. அப்படித்தான் போனது. 2024 அக்டோபரில், தீபாவளி நேரத்தில், ரேஷன் கடைகள் மறுபடி திறந்தபோது அம்மாதான் முதலில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

உணவுப் பாதுகாப்பு என்றால் நிறைய விளைவது என்றுதான் நினைத்திருந்தேன். விளைந்ததில் ஆறு மூட்டையாவது வீட்டில் நிறுத்த முடிகிறதா என்பதுதான் கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் வீட்டுப் பத்தாயத்தில் என்ன இருக்கிறது?