இடுப்பளவுக் கடல்

தேர்வு முடிந்த அன்று மாலை நாங்கள் நால்வரும் பிரின்செப் காட் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். நால்வர் என்றால் மதுரைக்காரனாகிய நான், கோவை நண்பர், நாகை நண்பர், விடுதியில் எங்கள் அறைத் தோழராகிய வங்க நண்பர். கையில் ஒரு வார விடுமுறை இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஆறு மாதமாகச் சேர்த்த பணமும் கொஞ்சம் இருந்தது. எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

“கடலுக்குள் மீன் பார்க்கப் போவோம்” என்றார் கோவை நண்பர்.

முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாயில் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு, நீரின் மேல் குப்புற மிதந்தபடி கீழேயுள்ள பவளத்தையும் மீனையும் பார்ப்பதற்கு ஸ்நார்கெலிங் என்று பெயர். ஆழத்தில் மூழ்க வேண்டியதில்லை. கோவையில் கடல் கிடையாது. ஆகவே அவருக்குக் கடல்மீது தீராத காதல்.

“திகாவுக்குப் போகலாமே! ரயிலிலேயே போய்விடலாம்” என்றேன் நான்.

வங்க நண்பர் சிரித்தார். எதிரே தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த ஹூக்ளியைக் காட்டி, “இந்தச் சேறெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று நினைத்தாய்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பவள உயிரின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கிறது. கலங்கிய நீரில் வெயில் இறங்காது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் வங்கக் கடலின் தலைப்பகுதியில் பவளத்திட்டு வளர வழியில்லை. நம் நாட்டில் பவளம் செழிக்கும் இடங்கள் மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் நிகோபார் ஆகியவை. கொல்கத்தாவிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலென்றால் மூன்று நான்கு நாள். எங்கள் விடுமுறையைக் கப்பலே தின்றுவிடும்.

“அப்படியானால் அந்தமான்” என்று மூவரும் முடிவு செய்தோம். நாகை நண்பர் மட்டும் பேசவில்லை.

காரணம் எங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று அவர் கைக்குழந்தை. அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களுள் ஒருவர் நண்பரின் தாய்மாமன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப் பிழைத்த அந்தத் தாய், பிற்பாடு ஒரு சட்டம் போட்டுவிட்டார். கடலில் கால் நனைக்கலாம். முழங்காலுக்கு மேல் கூடாது. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் நண்பர் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை.

“நான் வர்றேன். கரையில உக்காந்து உங்க துணிமணியப் பாத்துக்கிறேன்” என்றார்.

அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. காவல் காப்பதற்கா ஒருவன் ஆறு மாதச் சேமிப்பைச் செலவழிப்பது?

அடுத்தபடி, அந்தமானில் எந்த இடம் என்ற வழக்கு எழுந்தது. எங்களிடம் வண்டி இல்லை. வாடகைக் கார் வைக்க வசதியும் இல்லை. வண்டூரிலிருந்து படகில் போகும் ஜாலிபாய் தீவு அழகானது என்றார்கள். அது மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அதற்கு முன்அனுமதி வேண்டும், தலைநகரிலிருந்து வண்டூருக்குப் பேருந்துப் பயணம், பிறகு படகு. நார்த் பே பக்கத்தில்தான் இருக்கிறது. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னைகளுக்கிடையே தெரிந்த காட்சி அதுதான். அங்கும் படகில்தான் போகவேண்டும். கோவை நண்பரோ ஹேவ்லாக் தீவின் எலிஃபெண்ட் பீச்சைத் தவிர வேறெதையும் ஒப்பவில்லை. அங்கே போகப் படகு ஏறவேண்டும். அல்லது காட்டுவழியே நடக்கவேண்டும்.

வங்க நண்பர் நான்காவதாக ஓர் இடம் சொன்னார். அது நீல் தீவு. அங்கே பரத்பூர் கடற்கரை படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நடந்தே போகலாம். தீவும் சிறியது; மற்ற இடங்களுக்கு வாடகைச் சைக்கிள் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரையிலிருந்து மெல்ல மெல்ல நடந்து நீரில் இறங்கலாம். படகிலிருந்து ஆழத்தில் குதிக்கவேண்டியதில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. ஆகவே நான் உடனே கை தூக்கினேன். நாகை நண்பரும் மெதுவாகக் கை தூக்கினார். கோவை நண்பர் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

அந்தத் தீவின் பெயர் தமிழருக்கு அந்நியமானதன்று. 1857-இல் கிளர்ச்சியை அடக்கப் போன கர்னல் நீலின் பெயர் அது. அவருடைய சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927-இல் அதை அகற்றக் கோரித் தமிழ் இளைஞர்கள் அறப்போர் செய்து சிறை சென்றார்கள். 1937-இல் சிலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. தீவு 2018-இல்தான் ஷஹீத் தீவு எனப் பெயர் மாறியது. சிலை போன பிறகு பெயர் போக எண்பத்தோராண்டு ஆயிற்று.

அரசாங்கக் கப்பலில் இரண்டு மணி நேரம் போய் நண்பகலில் இறங்கினோம். அறையில் மூட்டையை வைத்துவிட்டுப் பிற்பகல் நான்கு மணிக்குக் கண்ணாடியும் குழாயுமாய்க் கடலுக்கு ஓடினோம். கடல் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நீர் வற்றித் தொலைவில் கிடந்தது. கணுக்கால் அளவு நீரில் கல்லும் பாசியும் தெரிந்தன. “இதற்காகவா எலிஃபெண்ட் பீச்சை விட்டோம்?” என்று கோவை நண்பர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இளநீர் விற்ற முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, “நேற்று பௌர்ணமி, பஞ்சாங்கம் பார்க்கவில்லையா?” என்று வங்காளத்தில் கேட்டார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுள் ஒன்று அவருடையது. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். நாளுக்கு நாள் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். இதெல்லாம் நாங்கள் பள்ளியில் படித்ததுதான். ஹூக்ளியில் நாள்தோறும் கண்ணால் பார்ப்பதும்தான். இருந்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கப் பத்து நாள் வாதாடிய நாங்கள், நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடமும் செலவிடவில்லை.

“காலை ஒன்பதரைக்கு வாருங்கள்; ஏற்றம் முடியப்போகும் நேரம், நீர் இழுக்காது” என்றார் தாது. வங்காளத்தில் தாத்தாவை அப்படித்தான் அழைப்பார்கள்.

மறுநாள் காலை அதே இடத்தில் பச்சைக் கண்ணாடி போலக் கடல் நிறைந்திருந்தது. நாங்கள் மூவரும் மிதவைச் சட்டை அணிந்துகொண்டோம். நாகை நண்பர் மணலில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார்.

“அம்மா, எறங்கட்டுமா?”

மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, “அங்க பெரியவங்க யாராச்சும் இருந்தா போனைக் குடு” என்று குரல் வந்தது. நண்பர் திகைத்தார். தாதுவோ கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கினார். தலைநகரில் தமிழர் கடையில் பழகிய தமிழ் அவரிடம் கொஞ்சம் இருந்தது. “பயம் இல்லே அம்மா. தண்ணி இவ்ளோதான்” என்று தம் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். கேட்பவருக்குத் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கைபேசி திரும்பி வந்தது. “இடுப்புக்கு மேல வேணாம்” என்றார் அந்தத் தாய்.

முழங்கால் இடுப்பாயிற்று. குப்புற மிதப்பவனுக்கு இடுப்பளவு நீரே தாராளம்.

தாது ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார். நிற்கவேண்டுமானால் மணல் பார்த்து நில்லுங்கள்; பவளத்தை மிதிக்காதீர்கள். அதுவும் உயிர். 2010-இல் கடல் சூடேறியபோது அந்தமான் பவளத்தில் பெரும்பகுதி வெளிறிப்போயிற்று. மிச்சமிருப்பதையும் நம் கால்கள் கொல்லவேண்டாம்.

முதலில் எனக்கு மூச்சு முட்டியது, எழுந்துவிட்டேன். மறுபடி முகத்தை வைத்தேன். மூளை போன்ற மடிப்புகளோடு ஒரு பவளம் தெரிந்தது. அதன்மேல் வரிவரியாய் மீன்கள். பக்கத்தில் கைகளை அகல விரித்து நாகை நண்பர் மிதந்துகொண்டிருந்தார். அரை மணி நேரம் அவர் தலையைத் தூக்கவே இல்லை.

கரையேறியதும் அம்மாவைத்தான் அழைத்தார்.

“மீனு இருந்துச்சா?” என்று அம்மா கேட்டார்.

“இருந்துச்சும்மா. எல்லாம் சின்னச் சின்னது. விக்கிற மீனு ஒண்ணுமில்ல.”

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. கடலைப் பற்றிப் பேசி அம்மா சிரித்து இதுவரை கேட்டதில்லை என்று நண்பர் அன்றிரவு சொன்னார்.

போக விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நடந்து போகக்கூடிய கரையாகப் பாருங்கள். ஏற்றவற்றம் பார்த்துப் புறப்படுங்கள். உங்களில் மிகவும் அஞ்சுகிறவர் எங்கே இறங்க முடியுமோ, அங்கேயே எல்லோரும் இறங்குங்கள். கோவை நண்பரும் இப்போது இதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அடுத்த முறை எலிஃபெண்ட் பீச் என்று இப்போதே எழுதி வாங்கிக்கொண்டுவிட்டார்.